ஹார்ட் மாத்திரையும் நைனா கால்ல வந்த சிவப்புப் புள்ளியும்

ஹார்ட்டுக்கோ பிரஷருக்கோ புதுசா ஒரு மாத்திரை ஆரம்பிச்சு ஒண்ணுலேர்ந்து மூணு வாரத்துக்குள்ள முழங்காலுக்குக் கீழ சிவப்பா புள்ளி புள்ளியா வந்துச்சுன்னா, அத சூடு, கொசுக்கடி, அக்கின்னு சொல்லி விட்டுடாதீங்க. அதே சமயம் பயந்துபோயி இருக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரேடியா நிறுத்திடவும் நிறுத்திடாதீங்க. இந்த ரெண்டையும் சேத்து சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், ஏன்னா எங்க வீட்டுல இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னு நாங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல.

எங்க நைனா வாலாஜாபேட்டைல இருக்காரு, நான் சத்துவாச்சாரில. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனில ரொம்ப வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆனவரு. பங்குனில நெஞ்சு வலி வந்து வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்து, ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சு, ஒரு பை நிறைய மாத்திரையோட வீட்டுக்கு அனுப்புனாங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், இவ்ளோதான். அதெல்லாம் நல்லாதான் ஒத்துக்கிச்சு. அப்புறம் செக்கப் போனப்போ பிரஷர் இன்னும் ஏறியே இருக்குன்னு ராமிப்ரில எடுத்துட்டு அதுக்குப் பதிலா ரெண்டு மருந்து சேந்த ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேந்தது. இந்த மாதிரி மாத்திரைங்களுக்குப் பேருக்குப் பின்னாடி எச்னு ஒரு எழுத்து இருக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடற வீடுகள்ல பாத்திருப்பீங்க. அந்த எச் தான் உடம்புல இருக்கற உப்பையும் தண்ணியையும் மூத்திரம் வழியா வெளிய தள்ற மருந்து.

அது ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல இருக்கும், அக்னி நட்சத்திரம் உச்சத்துல இருந்த நேரம், வேலூர் வெயில் தெரியும்ல, அப்போதான் நைனாவோட ரெண்டு கணுக்கால்லயும் கடுகு சைசுல சிவப்புப் புள்ளி வந்துச்சு. மறுநாள் பாத்தா முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு, சிலது ஒண்ணோட ஒண்ணு சேந்து கத்திரிப்பூ கலர்ல திட்டு மாதிரி ஆயிடுச்சு. சாக்ஸ் எலாஸ்டிக் இறுக்கற இடத்துல மட்டும் வளையம் போட்ட மாதிரி ரொம்ப அதிகம். அரிப்பு பெருசா இல்ல, லேசா எரியுதுன்னாரு, கால் கனமா இருக்குன்னாரு.

உடனே ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சாங்க. எதிர் வீட்டு அக்கா, "சூட்டு கொப்புளம்பா இது, வெந்தயம் ஊற வச்சு குடு, எளநி குடு" ன்னாங்க. அத்தை வந்து பாத்துட்டு, "இது அக்கியேதான், இன்னும் இன்னாத்துக்கு பாத்துக்கினு இருக்கீங்க, காவி எழுதிக்கினு வந்துட்டா மூணு நாள்ல எறங்கிடும்" னு கெளம்பவே கெளம்பிட்டாங்க. நைனா கூட வேலை பாத்த பெரியவரு ஒருத்தரு தோல் கம்பெனி கெமிக்கல் தான் இத்தினி வருஷம் கழிச்சு வேலைய காட்டுதுன்னாரு. ஆயா மட்டும் ஒண்ணும் சொல்லல, என்ன தனியா கூப்ட்டு, "அந்த நோயா இருக்குமா" ன்னு கேட்டுச்சு. அந்த நோயின்னா தொழுநோய். வட ஆற்காட்டுல அந்தத் தலைமுறைக்கு அந்தப் பயம் சும்மா வரல, 1955ல கரிகிரில ஆஸ்பத்திரி வந்ததே இந்தப் பக்கம் அது அவ்ளோ பரவி இருந்ததாலதான். ஆயா சின்ன வயசுல ஊருக்கு வெளிய ஒதுக்கி வச்சவங்கள கண்ணால பாத்தவங்க.

யாரையும் நான் கேலி பண்ணல, எல்லாரும் அக்கறைலதான் சொன்னாங்க. ஆனா ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தா எதுவும் பொருந்தல. அக்கின்னு நாம சொல்றது உடம்புல ஒரு பக்கமா பட்டையா கொப்புளத்தோட, பிடிச்சு இழுக்கற வலியோட வரும், இது ரெண்டு கால்லயும் சமமா வந்துச்சு. தொழுநோய் தேமல் பெரும்பாலும் வெளிறி, தொட்டா உணர்ச்சி குறைஞ்சு இருக்கும், மெதுவா மாசக்கணக்குல வரும், ஒரே ராத்திரில முழங்கால் வரை ஏறாது. பெரியவரு சொன்ன மாதிரி தோல் பதனிடற குரோமியம் கெமிக்கலோட அலர்ஜின்னா பட்ட இடத்துல அரிப்பும் செதிலுமா இருக்கும், வேலைய விட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம் பண்ணோம், இத எல்லாரும் தெரிஞ்சிக்கணும். கண்ணாடி டம்ளர் ஒண்ண எடுத்து புள்ளி மேல வச்சு நல்லா அழுத்தி, கண்ணாடி வழியா பாக்கணும். சாதாரண தடிப்பு, வேர்க்குரு சிவப்புன்னா அழுத்தினதும் வெளிறிப் போயிடும், ஏன்னா ரத்தம் இன்னும் குழாய்க்குள்ளதான் இருக்கு, அழுத்தினா நகந்துடும். நைனாவுக்கு அழுத்தியும் புள்ளி அப்படியே நின்னுச்சு. ரத்தம் குழாய விட்டு வெளிய வந்து தோலுக்கு அடில தங்கிடுச்சுன்னு அர்த்தம். கூடவே விரலால தடவிப் பாத்தா புள்ளி கையில தட்டுப்பட்டுச்சு, லேசா மேடா. இந்த ரெண்டும் சேந்து இருந்தா, அதாவது அழுத்தினா மறையாம, தடவினா மேடா இருந்தா, தோல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய்ங்க புண்ணாகி வீங்கியிருக்க வாய்ப்பு இருக்கு. டாக்டருங்க வாஸ்குலைட்டிஸ்ன்னு சொல்றாங்க. சும்மா ரத்தம் கசிஞ்ச புள்ளி, தட்டணு (பிளேட்லெட்) குறைஞ்சு வர்ற புள்ளி எல்லாம் பெரும்பாலும் மட்டமா இருக்கும், கைக்குத் தெரியாது. அதுக்காக இத வச்சு வீட்டுலயே முடிவு பண்ணக்கூடாது, ஆனா நாளைக்குப் பாத்துக்கலாமா இன்னிக்கே போகணுமான்னு தெரிஞ்சிக்க இது போதும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். நைனா சந்தேகப்பட்டது மாத்திரையத்தான், அதுல அவரு சொன்னது சரிதான். "எல்லாம் இந்த மாத்திரைங்களாலதான், நாலு நாளைக்கி ஒண்ணும் துன்ன மாட்டேன், தானா சரியாப்பூடும்" னு டப்பாவ மூடி பீரோ மேல தூக்கி வச்சிட்டாரு. எனக்கு அந்த நேரம் கால்ல இருக்கற புள்ளிய விட இந்தப் பேச்சுதான் பயமா இருந்துச்சு. ஸ்டென்ட் வச்ச புதுசுல ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் எதுக்குன்னா, உள்ள வச்ச அந்தக் கம்பி வலைல ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு. அதுல கட்டி விழுந்துச்சுன்னா மறுபடி ஹார்ட் அட்டாக், அதுவும் பெருசா. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சவங்களுக்குப் பொதுவா ஒரு வருஷம் ரெண்டு மாத்திரையும் சேத்து குடுப்பாங்க, முன்னாடி நிறுத்தணும்னா அத ஹார்ட் டாக்டர்தான் முடிவு பண்ணணும். மெட்டோப்ரோலாலையும் திடீர்னு நிறுத்தினா நெஞ்சு வலி திரும்ப வரலாம், துடிப்பு எகிறும். கால்ல வந்த புள்ளி பல பேருக்கு சில வாரத்துல அடங்கிடும், ஸ்டென்ட் அடைச்சிக்கிட்டா அதுக்கு அவ்ளோ அவகாசம் கெடையாது. "நைனா, எத நிறுத்தணும்னு டாக்டரு சொல்லட்டும், இன்னிக்கே போலாம், அதுவரைக்கும் நீ ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் மட்டும் விடாத" ன்னு கெஞ்சி கையில குடுத்து முழுங்க வச்சேன். முகம், உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டுனா கதை வேற, அப்போ அடுத்த டோஸ் எதையும் போடாம நேரா எமர்ஜென்சிக்கு ஓடணும்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள்ல நைனா சாப்பிடற ஒவ்வொரு மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி ஆரம்பிச்சது, எந்தத் தேதி மாத்துனது, புள்ளி எப்போ தெரிஞ்சது, எல்லாம் எழுதினேன். நடுவுல காய்ச்சல்னு மெடிக்கல் ஷாப்ல வாங்கின மாத்திரை, மூட்டு வலிக்கு யாரோ குடுத்த நாட்டு மருந்துப் பொடி, அதையும் சேத்து. டிஸ்சார்ஜ் சம்மரி, காலி அட்டைங்க எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டேன். முதல் நாள் எடுத்த போட்டோவும் போன்ல இருந்துச்சு. தோல் டாக்டர் அந்தத் தாள கையில வாங்கிட்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசாம படிச்சாங்க. படிச்சிட்டு அவங்க விரல் வச்ச இடம், அந்த எச் மாத்திரை ஆரம்பிச்ச தேதி. பெரும்பாலும் மருந்து ஆரம்பிச்ச 7 நாள்லேர்ந்து 21 நாளுக்குள்ள இது வரும்னாங்க, அதனாலதான் தேதி அவ்ளோ முக்கியம். இந்த நோய வகைப்படுத்த அமெரிக்க மூட்டு நோய் மருத்துவ சங்கம் 1990ல அஞ்சு அடையாளம் சொல்லியிருக்காங்க, அதுல மூணு இருந்தா போதும்னு கணக்கு. வயசு 16க்கு மேல, தடவினா தட்டுப்படற புள்ளி, மட்டமாவும் மேடாவும் கலந்து வர்ற தடிப்பு, பயாப்சி (தோல் துண்டு எடுத்துப் பாக்கற டெஸ்ட்) ரிசல்ட், அஞ்சாவது என்னன்னா நோய் தொடங்கற நேரத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரா. வீட்டுல உக்காந்து நாம எழுதற அந்தத் தாள் இங்கதான் வேலைக்கு ஆகுது.

ஆனா டாக்டர் உடனே மாத்திரைதான்னு முடிவு கட்டிடல, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. முதல்ல கால் விரல் ஒவ்வொண்ணா பாத்தாங்க. ஆஞ்சியோ பண்ணவங்களுக்கு, பெரிய ரத்தக்குழாய் சுவத்துல இருக்கற கொழுப்புத் துணுக்கு உடைஞ்சு கீழ போயி அடைச்சிக்கும், அப்போ விரல் நீலமாகும், தோல்ல வலை மாதிரி கோடு வரும், கிட்னியும் கெடும், பாக்கறதுக்கு இதையும் அதையும் குழப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஆஸ்பிரின் க்ளோபிடோக்ரெல் சாப்பிடறவங்களுக்குக் கையில எங்கயாவது இடிச்சா பெரிய ஊதா திட்டு வரும், அது வெறும் ரத்தக்கட்டு, மட்டமா இருக்கும். இதெல்லாம் இல்லன்னு ஆன பிறகுதான் ரத்தம் எடுத்தாங்க. தட்டணு, கிட்னிக்கு கிரியேட்டினின், உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்க ஈஎஸ்ஆர், மஞ்சள் காமாலை பி, சி, அப்புறம் உடம்பே உடம்ப தாக்கற நோய் இருக்கான்னு பாக்க ஏஎன்ஏ, ஆன்கான்னு ரெண்டு டெஸ்ட். எல்லாத்தையும் விட அவங்க அழுத்திச் சொன்னது மூத்திர டெஸ்ட். தோல்ல இருக்கற குழாய் புண்ணாகற மாதிரியே கிட்னில இருக்கற குழாயும் புண்ணாகலாம், ஆரம்பத்துல வலி இருக்காது, மூத்திரத்துல புரோட்டீனும் ரத்தமும் மட்டும்தான் காட்டிக் குடுக்கும். அதனால ஒரு தடவை நல்லா வந்துட்டா போதாது, கொஞ்ச வாரத்துக்குத் திரும்பத் திரும்பப் பாக்கச் சொன்னாங்க. செலவும் ரொம்ப இல்லாத டெஸ்ட்.

பயாப்சின்ன உடனே வீட்டுல எல்லாரும் கேன்சரான்னு அழுதுட்டாங்க. அதெல்லாம் இல்ல. மரத்துப்போற ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்கு தோல எடுத்து ஒரு தையல் போடறது, அவ்ளோதான். புதுசா வந்த புள்ளில, முடிஞ்சா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வந்ததுல எடுத்தாதான் சரியா தெரியும், பழசாயிட்டா அடையாளம் அழிஞ்சுபோயிடும். ஒரு வாரம் காவி பூசிட்டு போயிருந்தா இந்த நேரம் தப்பியிருக்கும். ரெண்டு துண்டு எடுத்தாங்க, ஒண்ணு சாதாரணமா மைக்ரோஸ்கோப்புல பாக்க, இன்னொண்ணு குழாய் சுவத்துல என்ன எதிர்ப்புப் பொருள் படிஞ்சிருக்குன்னு பாக்க. ஐஜிஏன்னு ஒரு வகை படிஞ்சிருந்தா கிட்னிய இன்னும் ஜாக்கிரதையா கவனிக்கணுமாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவரு ஆச்சேன்னு கேட்டேன், அதுக்காக மாத்திரைய நிறுத்த வேணாம், கொஞ்ச நேரம் கூட அழுத்திப் பிடிச்சா போதும்னாங்க, அப்படித்தான் ஆச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னா, மருந்து உடம்புல இருக்கற புரோட்டீனோட ஒட்டிக்கும், அத நம்ம எதிர்ப்பு சக்தி வெளியாள்னு நெனச்சு ஆன்டிபாடி உண்டாக்கும், மருந்தும் ஆன்டிபாடியும் கட்டிப்பிடிச்ச மாதிரி சேந்து ரத்தத்துல மெதந்து போயி சின்னச் சின்ன ரத்தக்குழாய் சுவத்துல படியும். அது படிஞ்ச இடத்துக்கு வெள்ளை அணுங்க ஓடி வந்து, அதுங்களும் உடைஞ்சு, சுவத்தையும் அரிச்சிடும், பாலாத்து மணல்ல ஊத்துத் தண்ணி கசியற மாதிரி ரத்தம் வெளிய கசியும். ஏன் கால்லயே வருதுன்னா நிக்கறப்ப, கால தொங்கப் போட்டு உக்காரறப்ப ரத்தம் கீழதான் தேங்குது, அழுத்தமும் அங்கதான் அதிகம். படுத்தே இருக்கற நோயாளிக்கு முதுகுலயும் இடுப்புக்குப் பின்னாடியும் வருமாம். ஆன்டிபாடி உண்டாக நாள் ஆகறதாலதான் மருந்து ஆரம்பிச்ச அன்னிக்கே வராம வாரம் கழிச்சு வருது.

எந்த மருந்தால வரும்னு கேட்டா பட்டியல் பெருசு. ஹார்ட் பக்கம் பாத்தா தயசைடு (அந்த எச் மருந்தோட வகை), ஃபுரோசெமைடு, ஹைட்ராலசின், அமியோடரோன், ராமிப்ரில் வகை, ஸ்டாடின், இன்னும் சிலது எல்லாத்துலயும் இந்த மாதிரி நடந்ததா பதிவு இருக்கு. ஹார்ட் மருந்து மட்டும் இல்ல, பென்சிலின், சல்ஃபா மாத்திரை, யூரிக் ஆசிடுக்கு குடுக்கற அலோபூரினால் கூட செய்யும். கோடிக்கணக்கான பேரு சாப்பிடற மாத்திரைங்க, ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி ஆகுது, இத படிச்சிட்டு யாரும் பிரஷர் மாத்திரைய தூக்கிப் போட்டா நான் எழுதினதே வீணாப்போயிடும். வியாதிக் கிருமி, காமாலை வைரஸ், மூட்டு வாத நோய்ங்களாலயும் இதே புள்ளி வரும், பல பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாமலும் போகும்.

ஹார்ட் டாக்டரும் தோல் டாக்டரும் போன்ல பேசிக்கிட்டாங்க. எச் மாத்திரைய மட்டும் நிறுத்திட்டு, முன்னாடி ஒத்துக்கிட்ட ராமிப்ரிலயே திரும்பக் குடுத்து, கூட கொஞ்சமா அம்லோடிபின் சேத்தாங்க. ஸ்டென்டுக்கான ரெண்டு மாத்திரைலயும் கை வைக்கல. அம்லோடிபின்ல கால் வீங்கும்னு முன்னாடியே சொல்லி வச்சாங்க, இல்லன்னா அந்த வீக்கத்தப் பாத்து மறுபடி பயந்திருப்போம். "அந்த மாத்திரைதான்னு உறுதியா சொல்ல முடியுமா டாக்டர்" னு கேட்டேன். அநேகமா அதுதான்னாங்க. இதுக்குன்னு 1981ல வந்த நரான்ஹோ அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, பத்து கேள்வி, மருந்துக்கு அப்புறம்தான் வந்துச்சா, நிறுத்தினதும் குறைஞ்சுதா, மறுபடி குடுத்தா மறுபடி வந்துச்சா, வேற காரணம் இருக்கான்னு கேட்டு மார்க் போடறது. மறுபடி குடுத்துப் பாக்கறதுதான் உறுதியான வழி, ஆனா தெரிஞ்சே அத இந்த வயசுல யாரு செய்வாங்க, கிட்னிய வச்சு சூதாட முடியாது. ரெண்டு மருந்து சேந்த மாத்திரைங்கறதால சந்தேகம் அதிகம் தயசைடு மேல, டெல்மிசார்டனையும் இப்போதைக்கு வேணாம்னு ரெண்டு மருந்தோட பேரையும் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க.

வைத்தியம் பெருசா ஒண்ணும் இல்ல. காரணமான மருந்த நிறுத்தறதுதான் பாதி வைத்தியம், மீதி கால தலையணை மேல தூக்கி வச்சு படுக்கறது. எங்க நைனாவ படுக்க வைக்கறதுதான் கஷ்டம், டீக்கடைக்குப் போகலன்னா அவருக்குப் பொழுது போகாது. கால இறுக்கற சாக்ஸ் போடலாமான்னு கேட்டதுக்கு, கால்ல நாடித்துடிப்பு நல்லா இருக்கான்னு பாத்துட்டுதான் போடணும், ஹார்ட்ல அடைப்பு இருக்கறவங்களுக்குக் கால்லயும் அடைப்பு இருக்கலாம்னாங்க. ஸ்டீராய்டு மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதில்ல. புண்ணாகிக் கொப்புளிச்சா, வேகமா பரவினா, உள்ளுறுப்ப தொட்டா குடுப்பாங்க, ஹார்ட் நோயாளிக்கு அது பிரஷரையும் சுகரையும் ஏத்தும், உடம்புல தண்ணி கோக்கும், அதனால யோசிச்சுதான் குடுக்கறாங்க. நைனாவுக்குப் பூசற மருந்தோட போச்சு. புள்ளி அடங்காம திரும்பத் திரும்ப வர்றவங்களுக்குக் கோல்ச்சிசின், டாப்சோன் குடுக்கறது உண்டு. கோல்ச்சிசின் ஸ்டாடினோட சேந்தா தசை வலி வரலாம், டாக்டருக்கு அது தெரியணும். டாப்சோன்னா ஆயா பயந்துச்சே, அந்தத் தொழுநோய்க்கு வருஷக்கணக்கா குடுத்துக்கிட்டு வர்ற அதே மாத்திரை. யாருக்காவது அந்தச் சீட்டு கைக்கு வந்தா பேரப் பாத்து பதறிடாதீங்க, இந்த வியாதிக்கும் அது மருந்து, ரத்தத்துல ஜி6பிடிங்கற என்சைம் குறைவா இருக்கான்னு டெஸ்ட் பாத்துட்டு குடுப்பாங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா, கால் வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடாதீங்க. ஹார்ட்டுக்கும் ஆகாது, கிட்னிக்கும் ஆகாது, அதுவே இந்தப் புள்ளிய கெளப்பவும் செய்யும். வயிறு முறுக்கி வலிச்சா, மலம் தார் மாதிரி கறுப்பா போனா, மூத்திரம் டீ டிகாஷன் கலர்ல வந்தா, கால் மரத்து பாதம் தூக்க முடியாம போனா, இருமல்ல ரத்தம் வந்தா, காய்ச்சலோட மூட்டு எல்லாம் வீங்கினா ராத்திரி எந்நேரம் ஆனாலும் போயிடுங்க, அப்போ வியாதி தோலோட நிக்கலன்னு அர்த்தம்.

மாத்திரை மாத்தின கொஞ்ச நாள்லயே புது புள்ளி வர்றது நின்னுச்சு, பழசு ஊதாலேர்ந்து காப்பிக் கொட்டை கலருக்கு மாறுச்சு. அந்தக் கறை போக மாசக்கணக்கு ஆகும், வெளிய வந்த ரத்தத்துல இருக்கற இரும்புச்சத்து தோல்ல தங்கறதால வர்றது அது, வியாதி திரும்பல. அத்தை இன்னும் காவி எழுதியிருந்தா கறையே இருந்திருக்காதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. மூத்திர டெஸ்ட் இதுவரைக்கும் சுத்தமா வருது, பிரஷரும் அடங்கியிருக்கு.

நைனா பர்ஸ்ல இப்போ ஒரு கார்டு இருக்கு, ஆகாத மருந்து பேரு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். கம்பெனி பேரு எழுதாதீங்க, உள்ள இருக்கற மருந்து பேர எழுதுங்க, ஏன்னா அதே தயசைடு வேற வேற கம்பெனி மாத்திரைல வேற வேற பேர்ல, இன்னொரு மருந்தோட ஒட்டிக்கிட்டு வருது. அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், கடைக்காரர்கிட்டயே படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

கடைசியா இன்னொண்ணும் பண்ணோம். மருந்தால வர்ற பக்க விளைவ பதிவு பண்ண நம்ம நாட்டுல 2010லேர்ந்து ஒரு திட்டம் நடக்குது, காசியாபாத்ல இருக்கற இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் நடத்தறது. நோயாளியோ வீட்டாளுங்களோ கூட சொல்லலாம், 1800 180 3024ங்கறது இலவச நம்பர், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்லயும் இதுக்குன்னு பிரிவு இருக்கு. இந்த மருந்துதான்னு நாம நிரூபிக்கத் தேவையில்ல, சந்தேகம் இருந்தாலே போதும், நோயாளி பேரையும் வெளிய விட மாட்டாங்க. நாங்க அந்தத் தேதித் தாள வச்சே ஃபார்ம நிரப்பி குடுத்துட்டோம்.